வண்டிக்குக் கடன் உண்டு, வண்டி நிற்க இடம் இல்லை

கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது, என்ன தொழில் செய்யலாம் என்று கேட்டால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் யோசிக்காமல் சொல்லும் பதில், டிபன் வண்டி போடு என்பதுதான். கடை பிடிப்பதென்றால் பத்து மாத வாடகை அட்வான்ஸ், கரண்ட் டெபாசிட், ஷட்டர், போர்டு என்று ஒரு படி அரிசி வாங்குவதற்கு முன்பே லட்சம் கரைந்துவிடும். வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தால் 12,000. தகரம் அடித்து, டயர் மாற்றி, பெயின்ட் பூச இன்னும் 3,000. இரட்டை அடுப்பு, தோசைக்கல், இட்லிப் பானை, வாளி, தட்டு, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் எல்லாம் சேர்த்து 8,000. சிலிண்டருக்கு ஒரு தொகை போனால், மிச்சத்தில் அரிசி, உளுந்து, எண்ணெய், தேங்காய். இது உத்தேசக் கணக்கு. ஊருக்கு ஊர் ஆயிரம் இரண்டாயிரம் கூடும், குறையும். ஆனால் வீட்டுக்காரருக்கு வேலை போன மாதத்திலோ, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்திலோ ஒரு பெண் துணிந்து இறங்கக்கூடிய தொழில் இந்தத் தொகைக்குள் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். சமைக்கத் தெரியும், விடிகாலையில் எழுந்திருக்கத் தெரியும். வேறு தகுதி யாரும் கேட்பதில்லை.

இந்தத் தொழில் நொடித்துப்போனால் உடனே ஒரு காரணம் சொல்வார்கள். முதல் பத்தவில்லை, கணக்கு வழக்கு தெரியவில்லை, பயிற்சி இல்லை என்று. அதனால்தான் அரசும் வங்கியும் தொண்டு நிறுவனங்களும் கடனையும் பயிற்சியையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றன. வண்டி போட்டவர்களிடம் பேசிப் பார்த்தால் வேறு கதை வரும். ‘ஏவாரம் நல்லாத்தான் போச்சு, நிக்க விடலயே’ என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

மாவு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். முந்தின நாள் மதியம் ஊறவைத்து, சாயங்காலம் அரைத்து, ராத்திரி புளிக்கவிட்டு, காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்புகிறது. ஏழரைக்கு ‘வண்டிய எடும்மா’ என்று ஒரு குரல் வந்தால் அன்றைய வியாபாரம் மட்டும் போவதில்லை. வெயில் ஏறினால் அந்த மாவு புளித்துப்போகும். சட்னி கெட்டுப்போகும். சாம்பாரை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம். இருபது ரூபாய்க்கு விற்றிருக்க வேண்டிய பண்டம் அது. அடுத்த நாள் மாவுக்கு அரிசி வாங்கும் காசு அன்றைய கல்லாவிலிருந்துதான் வர வேண்டும். சின்ன வியாபாரியின் முதல் என்பது வங்கியில் தூங்கும் பணம் கிடையாது. ஒரு நாள் விற்று மறுநாள் சரக்கு வாங்கும் ஒரு நாள் சுழற்சி அது. ஒரே ஒரு நாள் அறுந்தால் போதும்.

அறுந்த அன்றைக்குச் சாயங்காலம் வருகிறவர்தான் தண்டல்காரர். பைக்கில் வருவார், அக்கா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். பத்தாயிரம் எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார். நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு நூறு ரூபாய்தானே என்று இருக்கும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் அந்த நூறு நாளில் சராசரியாக வியாபாரியின் கையில் நிற்கும் கடன் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு வட்டி 1,500. ஆண்டுக் கணக்காக்கினால் நூறு சதவீதத்தைத் தாண்டிப்போகும். காய்கறி, பழம், பூ விற்பவர்களுக்கு இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது: விடிகாலையில் மார்க்கெட் வாசலில் 900 வாங்கி, ராத்திரி 1,000 திருப்பிக் கொடுப்பது. ஒரு நாளைக்குப் பதினோரு சதவீதம். ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று இதற்கெல்லாம் பெயர்கள் இருக்கின்றன.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த மாநிலம் மறந்திருக்காது. அதற்குப் பிறகும் எத்தனையோ கூட்டம், எத்தனையோ அறிக்கை. தண்டல்காரர் பைக் நின்றபாடில்லை. ஏன் நிற்கவில்லை என்றால், அவரைத் தேடிப் போக வைக்கிற காரணம் அப்படியே இருக்கிறது. வண்டியைத் தூக்கும் மாநகராட்சி லாரி காலையில் வந்தால், தண்டல் பைக் சாயங்காலம் வரும். இரண்டையும் இரண்டு தனிப் பிரச்னைகளாக அரசு பார்க்கிறது. ஒன்று போக்குவரத்து, மற்றொன்று சட்டம் ஒழுங்கு. வண்டிக்காரருக்கு இரண்டும் ஒரே நாளின் காலையும் மாலையும்.

இனி சட்டத்துக்கு வருவோம். தெருவில் வியாபாரம் செய்வது சட்டவிரோதம் என்றுதான் படித்தவர்கள் பலரும் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில், தெருவோரம் வியாபாரம் செய்வது அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும், நியாயமான கட்டுப்பாடுகள் மட்டுமே விதிக்கலாம் என்று சொல்லிவிட்டது. 2010-ல் கைந்தா ராம் வழக்கில், இதற்கென்று ஒரு சட்டம் இயற்றுங்கள் என்று அரசுக்குக் கெடுவும் விதித்தது. கெடு தாண்டி, 2014-ல் நாடாளுமன்றம் சாலையோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு மே 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. மே தினத்தில் வந்த சட்டம். 2015-ல் தமிழ்நாடும் தனக்கான விதிகளை வெளியிட்டது.

அந்தச் சட்டத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தவர் யாராக இருந்தாலும் சற்று அசந்துபோவார். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஊரிலுள்ள எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும் வரை ஒருவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. 3-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு வார்டு அல்லது ஊரின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வழி செய்ய வேண்டும். லட்சம் பேர் வாழும் நகராட்சி என்றால் 2,500 பேர். அப்புறப்படுத்தியே தீர வேண்டும் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு. பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு, அதன் நகலைக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் வந்து கேட்டால் கெட்டுப்போகும் பொருளை அன்றே தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். சான்றிதழ் நிபந்தனைப்படி வியாபாரம் செய்பவரைப் போலீஸ் உட்பட எவரும் தடுக்கக் கூடாது என்பது 27-ஆம் பிரிவு. வேறு சட்டம் எதுவும் இதற்கு முரணாக இருந்தால் இந்தச் சட்டமே செல்லும் என்பது 33.

பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேனே, அந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்கலாம். லாரி வந்து போன இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்: என்ன எடுத்தார்கள், ரசீது இருக்கிறதா என்று. எடுத்தது அடுப்பு, சிலிண்டர், தராசு, குடை, சில சமயம் வண்டியே. ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பார்கள். ரசீது இல்லாமல் எடுத்த பொருள் கிடங்கில் இருக்கிறதா, இல்லையா, யாருடையது என்று எப்படி நிரூபிப்பது? தராசு போனால் புதுத் தராசு. சிலிண்டர் போனால் அதற்குக் கட்டிய டெபாசிட்டும் போச்சு. ‘நீ கேக்கப் போற நேரத்துல ரெண்டு நாள் ஏவாரம் பாத்துடலாம்’ என்று பக்கத்துப் பூக்காரம்மா சொல்லும் புத்திமதியில் நியாயம் இருக்கிறது. திரும்பப் பெறுவதற்கு ஆகும் அலைச்சலும் செலவும் பொருளின் விலையைத் தாண்டும்போது, பறிமுதல் என்பது தண்டனையாகவே ஆகிவிடுகிறது. தண்டனை கொடுக்கச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது: விதி மீறினால் 2,000 ரூபாய் வரை அபராதம். வண்டியைப் புரட்டிப் போடலாம், மாவைச் சாக்கடையில் கொட்டலாம் என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை.

இவ்வளவு எழுதிவைத்த சட்டம் தெருவுக்கு வராததற்கு ஒரு பூட்டு இருக்கிறது. அதன் பெயர் நகர விற்பனைக் குழு. எந்த இடத்தில் விற்கலாம், எங்கே கூடாது, எத்தனை பேர், எந்த நேரம் என்பதையெல்லாம் இந்தக் குழுவைக் கலந்துதான் முடிவுசெய்ய வேண்டும். சான்றிதழும் இதன் வழியாகத்தான். குழுவின் தலைவர் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களை வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குழு கூடாத ஊரில் இடம் வரையறுக்கப்படாது. இடம் வரையறுக்கப்படாத ஊரில் சான்றிதழ் கிடைக்காது, கிடைத்தாலும் அது எந்த இடத்துக்கு என்று சொல்லாது. வெறும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் வியாபாரியிடம், ‘கார்டு இருக்கட்டும், இந்த எடத்துல நிக்கலாம்னு எங்க போட்டிருக்கு?’ என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. பூட்டும் சாவியும் ஒரே அலுவலகத்தில் இருக்கின்றன.

பதில் இல்லாத அந்த இடைவெளியில்தான் மாமூல் வளர்கிறது. இடம் எழுத்தில் இல்லாதபோது, இடத்தைத் தினமும் வாயால் கொடுக்கிறவர் ஒருவர் தேவைப்படுகிறார். சில ஊரில் காக்கி, சில ஊரில் கரை வேட்டி, சில ஊரில் பின்னாலிருக்கும் பெரிய கடையின் முதலாளியே தன் கடை வாசல் நடைபாதையை வாடகைக்கு விடுகிறார். பொது நடைபாதைக்குத் தனியார் வாடகை! இதில் வேடிக்கை என்னவென்றால், மாமூலாகவும் வாசல் வாடகையாகவும் வியாபாரி கொடுப்பதை மாநகராட்சியே முறையான கட்டணமாக வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தால், அவர் சந்தோஷமாகக் கட்டுவார். சட்டமும் விற்பனைக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் என்று அதற்கு இடம் வைத்திருக்கிறது. நகராட்சிக் கஜானாவுக்கு வர வேண்டிய காசு நடுவில் யாரோ ஒருவர் சட்டைப்பைக்குப் போவதைப் பற்றி எந்த மன்றக் கூட்டத்திலும் தணிக்கை ஆட்சேபம் எழுந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கடன் பக்கம் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கொரோனா ஊரடங்கில் தெரு வெறிச்சோடியபோது, 2020 ஜூன் 1 அன்று பி.எம். ஸ்வநிதி திட்டம் தொடங்கியது. ஜாமீன் இல்லாமல் முதல் கடன் 10,000, அதை ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. வட்டியில் 7 சதவீதம் மானியம். 2025-ல் திட்டத்தைத் திருத்தி முதல் தவணையை 15,000 ஆகவும், இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தி, 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். வங்கி 12 சதவீத வட்டி போட்டால்கூட, 10,000 ரூபாயை ஓராண்டில் மாதத் தவணையாகக் கட்டுபவருக்கு மொத்த வட்டி 700-ஐத் தொடாது. அதிலும் பாதிக்கு மேல் மானியமாகத் திரும்பி வரும். நூறு நாளில் 1,500 எடுக்கும் தண்டலோடு ஒப்பிட்டால் இது வரம்.

ஆனால் பாருங்கள். அந்தக் கடனை ஒருவர் வாங்குகிறார். வண்டி வாங்குகிறார். கடன் பரிந்துரைக் கடிதம் கொடுத்ததும் உள்ளாட்சி அமைப்புதான். மூன்றாவது மாதம் அந்த வண்டியை லாரியில் ஏற்றுவதும் அதே உள்ளாட்சி அமைப்புதான். பரிந்துரைத்தது ஒரு பிரிவு, ஏற்றியது இன்னொரு பிரிவு என்று விளக்கம் வரும். வங்கிக்கு இந்த விளக்கம் தேவையில்லை, தவணை தேதி தெரியும். தவணை தவறினால் சிபில் மதிப்பெண் விழும், அடுத்த தவணைக் கடன் போகும், பிற்பாடு மகளுக்குக் கல்விக் கடன் கேட்கப் போகும்போது இந்தப் பழைய பாக்கி வந்து வழி மறிக்கும். அரசின் இடது கை கொடுத்த கடனை வலது கை வாராக் கடனாக்குகிறது. வங்கி மேலாளர்கள் சின்னக் கடன் என்றால் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும். நின்ற இடம் நாளை நிலைக்குமா என்று தெரியாதவருக்குக் கடன் கொடுக்க அவர்களுக்கும் தயக்கம் இருக்கும்.

அதற்காக வங்கிகளை விட்டுவிடுவதற்கில்லை. சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு கடன் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. கிளைக்குப் போனால், ‘வீட்டுப் பத்திரம் இருக்காம்மா? நகை ஏதாவது வெச்சு வாங்கிக்கோயேன், சீக்கிரம் ஆகும்’ என்பதுதான் கேட்டுப் பழகிய வசனம். முகவரிச் சான்று வாடகை வீட்டில் இருந்து கிடைக்காது, ஏனென்றால் வீட்டு உரிமையாளர் ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் எப்போதோ தொலைந்துபோன சிம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அலைய வேண்டும். தண்டல்காரர் வண்டிக்கே வருகிறார், ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார். போட்டியில் அவர் ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை.

சின்ன வியாபாரிக்குக் கடன் கொடுப்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1978-ல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, கூடைக்காரிகளையும் சின்ன வியாபாரப் பெண்களையும் தெரு வாரியாகக் குழு சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பாக்கி வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தது. நுண்கடன் என்ற சொல் ஊரெல்லாம் பரவுவதற்கு முந்தைய கதை இது. ஏழை வியாபாரி கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்ற கேள்விக்கு அப்போதே விடை கிடைத்தாயிற்று. இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருப்பது வீண்.

காகித வேலையைப் பற்றி இரண்டு வரி. ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் விற்பனை உள்ள உணவு வியாபாரிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இரண்டையும் ஆன்லைனில் செய்யலாம் என்பதால்தான் இரண்டுக்கும் இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறார்கள். இணையத்தில் தேடினால், அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கின்றன. வார்டு அலுவலகத்தில் வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் ஒரு கணினியும் ஓர் ஊழியரும் இருந்தால் இந்தக் கொள்ளை அடங்கும். இதற்குப் புதுச் சட்டமோ நிதியோ வேண்டாம்.

நடப்பவர்களின் நியாயத்தைப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. நடைபாதை நடப்பதற்குத்தான். சக்கர நாற்காலியில் வருபவர், கைக்குழந்தையோடு வருபவர், எழுபது வயதுப் பெரியவர் இவர்களெல்லாம் வண்டிகளுக்கு இடம் விட்டு ரோட்டில் இறங்கி நடந்தால், அது வியாபாரியின் உரிமையைவிடப் பெரிய பிரச்னை. மருத்துவமனை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் வழியை அடைத்து வண்டி போடுவதை ஆதரிக்க என்னால் முடியாது. சட்டமும் ஆதரிக்கவில்லை, யாருக்கும் எந்த இடத்திலும் நிரந்தர உரிமையை இது தரவில்லை என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. தாராளமாக விற்கும் பகுதி, கட்டுப்பாடுள்ள பகுதி, விற்கவே கூடாத பகுதி என்று மூன்றாகப் பிரித்துக் கோடு போடச் சொல்கிறது. கோடு போட்டால் இருவருக்கும் நிம்மதி. போடாமல் விட்டதால்தான் நடப்பவரும் விற்பவரும் தினமும் முட்டிக்கொள்கிறார்கள். அந்த நடைபாதையில் பாதிக்கு மேல் ஏறி நிற்கும் கார்களையும் பைக்குகளையும் ஏற்றிப் போக லாரி வருவதில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வதும் ஒரு வழி. இந்தோரின் சராஃபா பஜார் பகலில் நகைக்கடை வீதி. நகைக்கடை ஷட்டர் இறங்கிய பின் அதே வாசல்களில் உணவுக் கடைகள் வரிசையாக முளைக்கின்றன, நள்ளிரவு வரை கூட்டம் நெரிகிறது. நம் ஊர்களில் மாலை ஆறு மணிக்கு மேல் இருண்டு கிடக்கும் அரசு அலுவலக முகப்புகள், பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரங்கள், நகராட்சி வாகன நிறுத்தங்கள் எத்தனை! காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வாசல் திறக்காத ஜவுளிக்கடைத் தெருக்கள் எத்தனை! இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை என்று சான்றிதழில் ஒரு வரி எழுதினால் ஒரே இடத்தில் இரண்டு குடும்பம் பிழைக்கும்.

மாற்று இடம் கொடுக்கிறோம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். கொடுத்த இடங்களின் கதையைப் பார்க்கலாம். சென்னை பாண்டி பஜாரில் 2013-ல் நடைபாதைக் கடைகளைப் பல மாடி வணிக வளாகத்துக்குள் கொண்டுபோனார்கள். ஹேர்பின், சீப்பு, ரிப்பன் வாங்குகிறவர் நடந்து போகும் வழியில் கண்ணில் பட்டால் வாங்குவார். அதற்காக மாடி ஏற மாட்டார். வியாபாரம் படுத்துவிட்டது என்று அங்கே போனவர்கள் புலம்பியதில் வியப்பில்லை. மெரினா லூப் சாலை மீன் கடைகள் விவகாரம் 2023-ல் நீதிமன்றம் வரை போய், ஆக்கிரமிப்பு அகற்றம் தொடங்கி, நொச்சிக்குப்பத்து மக்கள் ரோட்டில் இறங்கிப் போராடிய பிறகு, அந்தச் சாலையோரத்திலேயே மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். கரையில் இறங்கும் மீனைக் கரையிலேயே விற்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை என்பது கடைசியில் எல்லோருக்கும் புரிந்தது. போராட்டத்துக்கு முன்பே புரிந்திருக்கலாம்.

சிங்கப்பூரைக் காட்டி, அங்கே தெருவில் ஒரு வண்டி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊர் செய்த வேலையின் வரிசையைப் பார்க்க வேண்டும். 1968-69-ல் முதலில் எல்லோரையும் கணக்கெடுத்தார்கள், ஏறத்தாழ 18,000 பேர். உரிமம் கொடுத்தார்கள். பிறகு மக்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்திலேயே, குழாயும் சாக்கடையும் வைத்து, விற்பனைக் கூடங்கள் கட்டிக்கொண்டே போனார்கள். 1986 வாக்கில்தான் அந்த வேலை முடிந்தது. பதினெட்டு ஆண்டு. இடத்தைக் கட்டிவிட்டு ஆளை நகர்த்தினார்கள். நாம் ஆளை நகர்த்திவிட்டு இடத்தைப் பற்றி ஆலோசிக்கிறோம்.

குழாய் என்றதும் ஒன்று. சுகாதாரமில்லை என்று உணவு வண்டிகளுக்கு அபராதம் போடுகிறார்கள். கை கழுவ, தட்டுக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வருவதுதான் வழி. காலை ஐந்தரை முதல் பதினொன்று வரை, மறுபடி மாலை ஐந்து முதல் பத்தரை வரை நிற்கும் பெண்ணுக்குக் கழிப்பறை எங்கே? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்லும் பெண்களை எந்த வண்டி வரிசையிலும் பார்க்கலாம். இருபது வண்டி நிற்கும் இடத்தில் ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஒரு குப்பைத் தொட்டி வைப்பது பிச்சை அல்ல. அதற்குத்தான் கட்டணம் வாங்கச் சொல்கிறது சட்டம்.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல, எழுதிவைத்தவற்றைச் செய்தால் போதும். ஆணையர் மாதம் ஒருமுறை நகர விற்பனைக் குழுவைக் கூட்டி, கூட்டக் குறிப்பை அலுவலகப் பலகையிலும் இணையத்திலும் போட வேண்டும். வார்டு வாரியாக விற்கும் பகுதிகளை வரைபடத்தில் குறித்து, அந்த இடத்தையும் நேரத்தையும் சான்றிதழில் எழுத வேண்டும். லாரியோடு போகும் ஊழியர் கையில் மூன்று நகல் ரசீதுப் புத்தகம் இல்லாமல் லாரி டிப்போவை விட்டுக் கிளம்பக் கூடாது. ஸ்வநிதிக் கடனுக்குப் பரிந்துரைத்த வியாபாரியின் வண்டியை எடுக்க வேண்டுமானால், பரிந்துரைத்த பிரிவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடலாம். அதற்கு ஒரு பக்கம் காகிதம் போதும். முன்னாள் உரிமையியல் நீதிபதி அல்லது நீதித்துறை நடுவர் தலைமையில் குறைதீர்க் குழு அமைக்க வேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. அது உங்கள் ஊரில் இருக்கிறதா, எந்தக் கட்டடத்தில் உட்காருகிறது என்று கேளுங்கள்.

ஆம், கேட்கலாம். வியாபாரிதான் கேட்க வேண்டும் என்பதில்லை, அந்த வண்டியில் இட்லி சாப்பிடுகிற எவரும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பெறுநர் உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலர். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நகர விற்பனைக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, கூட்டக் குறிப்பின் நகல்; அதில் வியாபாரிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்; எத்தனை பேருக்கு இடம் குறிப்பிட்டுச் சான்றிதழ் தரப்பட்டது; விற்கும் பகுதிகளின் வரைபட நகல்; கடந்த ஓராண்டில் பறிமுதல் செய்த பொருள்களின் பட்டியல்களும், அவற்றைத் திருப்பிக் கொடுத்த தேதிகளும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு இன்னொரு கடிதம். அதற்குக் கட்டணம் கிடையாது.